பாலம் விழுது என்று கத்தியவர்

எங்கள் ஊரில் ரதிவோய் என்று விசாரித்தால் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. முக்குளிப்பான் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சாவா ஆற்றின் நாணலில் திரியும் சின்னப் பறவை அது. ஆள் அரவம் கேட்டால் சட்டென்று தண்ணீருக்குள் போய்விடும். அவர் இறந்தபோது தெருவில் ஒட்டிய அறிவிப்பில், பெயருக்குக் கீழே அந்தப் பட்டப்பெயரையும் போட வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் யார் செத்தது என்று ஊருக்கே புரிந்திருக்காது.

அவர் ஒரு எஞ்சினியர். பெரிய பேர் எடுத்தவர் அல்ல. காய்கறிச் சந்தைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த பால அலுவலகத்தில் கணக்குப் போடுகிறவர். நானும் அங்கேதான் படம் வரைபவனாக வேலை பார்த்தேன். எங்கள் தலைவி தெசான்கா. ஓயாமல் சிகரெட் பிடிப்பார், எதையும் ஒரே தடவைதான் சொல்வார்.

அப்போது எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவே மிதவை ஒன்றுதான் போக்குவரத்து. ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அது ஊர்ந்து போகும். அக்கரையில் சர்க்கரை ஆலை வந்ததும் பாலம் வேண்டும் என்று முடிவாயிற்று. ஆற்றுக்கு நடுவில் தூண் நிறுத்த முடியாது. குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் வந்து மோதும், சரக்குப் படகுகளும் போக வேண்டும். தெசான்கா ஒரே ஒரு கோபுரம் வரைந்தார். எங்கள் கரையை ஒட்டி இரண்டு கால்கள் விரித்து நின்று, உச்சியில் ஒன்றாகச் சேரும் கோபுரம். அந்த உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பிவடங்கள் விசிறி போல இறங்கிச் சாலையைத் தூக்கிப் பிடிக்கும்.

சொல்லும்போது சுலபம். கட்டும்போதுதான் தலைவலி. சாலையைத் துண்டு துண்டாக ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு துண்டு சேரும்போதும் புதிதாக ஒரு ஜோடி வடத்தை இழுத்துக் கட்ட வேண்டும். புதிய வடத்தை இழுத்தால் பழைய வடம் தளரும். எதை எப்போது எவ்வளவு இழுப்பது என்பதுதான் ரதிவோயின் வேலை. அவர் அதைத் தலைகீழாகச் செய்தார். பாலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, காகிதத்தில் கடைசித் துண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். கழற்றும்போது மற்ற வடங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்து, அதைத் திருப்பிப் போட்டால் கட்டும் முறை கிடைத்துவிடும். அவர் கழற்றுவதை நான் படமாக வரைவேன். “நான் இடிக்கிறேன், நீ வரையிற. நல்ல உத்தியோகம்டா நமக்கு,” என்பார்.

அளவெடுப்பதெல்லாம் விடிகிற வேளையில்தான். வெயில் ஏறினால் வடம் சூட்டில் நீளும், சாலை தாழும், அளவு பொய்யாகும். பனியில் காதைத் தேய்த்துக்கொண்டு அவர் கரையில் நிற்பார். அளவு சரியாக வந்த அன்று அலுவலகத்துக்கு வரும்போது எல்லோருக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட பூரெக் வாங்கி வருவார். எண்ணெய் வடியும் பொட்டலத்தை என் வரைபடத்தின் மேலேயே வைப்பார். அந்த நாட்களில் அவர் மதுக்கடைகளில் கொஞ்சம் சத்தமாகவே பேசினார் என்பது உண்மை. “அந்தப் பாலம் எதுல தொங்குதுன்னு நெனைக்கிறீங்க? கம்பியிலயா? என் கணக்குல தொங்குது!” என்பார். ஊர் சிரிக்கும். அவருக்கும் சந்தோஷம்.

நீண்டுகொண்டே போன சாலை அக்கரையைத் தொட்டது. திறப்பதற்கு முன் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சோதனை நடக்கும்போது பாலத்தை உருவாக்கினவர்கள் அதற்கு நேர் அடியில் நிற்க வேண்டும். சட்டம் ஒன்றுமில்லை. நிற்காவிட்டால் ஊர் மதிக்காது, அவ்வளவுதான்.

வசந்த காலத்துச் சனிக்கிழமை. இரண்டு கரையிலும் சனம். ஊதுகுழல் வாத்தியம், இறைச்சி சுடும் புகை. தெசான்காவும் ரதிவோயும் ஒரு மீனவரின் படகில் ஏறி, பாலத்தின் நடுப்பகுதிக்கு அடியில் போய் நின்றார்கள். ரதிவோய் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டிருந்தார். கரையில் நின்ற மனைவி நெவென்காவைப் பார்த்துக் கை அசைத்தார்.

சரளை ஏற்றிய லாரிகள் வரிசையாக மேலே ஏறின. பாரம் ஏறினால் சாலை நடுவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும் என்று ரதிவோய்தான் எழுதிக் கொடுத்திருந்தார். இறங்கும்போது கோபுரத்தடியில் இருக்கும் தாங்கிகள் ஒருமுறை நகர்ந்து உட்காரும், அப்போது சத்தம் வரலாம், பயப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். லாரி ஓட்டுநர்களுக்கு அதை வாசித்துக் காட்டியவனே நான்தான்.

சாலை இறங்கியது. கீழே படகிலிருந்து பார்த்தவருக்கு வானமே இறங்குவது போல இருந்திருக்க வேண்டும். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. பீரங்கி வெடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம்.

“விழுது! பாலம் விழுது! ஓடுங்க!”

ரதிவோயின் குரல். தண்ணீர் மேல் வந்த குரல் இரண்டு கரைக்கும் கேட்டது. வாத்தியம் நின்றுவிட்டது. நாங்கள் பார்க்கும்போதே அவர் படகின் விளிம்பில் கால் வைத்து, கோட்டோடும் பூட்ஸோடும் ஆற்றில் குதித்தார். படகு ஒருபக்கம் சாய்ந்து தெசான்கா கிட்டத்தட்ட உள்ளே விழப் பார்த்தார். ரதிவோய் திரும்பிப் பார்க்கவில்லை. கையை அடித்து அடித்துக் கரைக்கு நீந்தினார்.

பாலம் விழவில்லை. லாரிகள் இறங்கியதும் சாலை மெதுவாக ஏறிப் பழைய இடத்தில் நின்றது. மேலே அளவுக் கருவியோடு நின்றவர் இலக்கங்களைக் கூவினார். ரதிவோய் எழுதிக் கொடுத்தது என்னவோ அதேதான். கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்த ரதிவோய்க்கும் அது கேட்டது. படகு கரைக்கு வந்ததும் தெசான்கா அவரைப் பார்க்காமல் நெவென்காவிடம் சொன்னார்: “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. நனைஞ்சிருக்கார்.”

முக்குளிப்பான் என்ற பெயர் அன்று மாலைக்குள்ளேயே வந்துவிட்டது.

கொஞ்ச நாள் அவர் வேலைக்கு வரவில்லை. பல் மருத்துவமனையில் தாதியாக இருந்த நெவென்கா மட்டும் வெளியே போய் வந்தாள். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளிகள்கூட அவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்களாம்.

பாலத்தைத் திறந்தார்கள். ஆனால் யாரும் அதில் போகவில்லை. ஆலை லாரிகள் மட்டும் உத்தரவு காரணமாகப் போயின. அக்கரைக் கிராமத்துச் சனங்கள் வண்டியோடும் மாட்டோடும் பழைய மிதவைக்கே போனார்கள். பேருந்தில் போனால் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார்கள். “கணக்குப் போட்ட எஞ்சினியரே குதிச்சு ஓடினான்னா, நாம எதுக்குப் போய்ச் சாவணும்?” என்பதுதான் பேச்சு.

ஜிவான் அவரைப் பார்க்க வந்தது அப்போதுதான். ஜிவான் கசாப்புக் கடைக்காரன்; ரதிவோயின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவை எங்கள் பக்கம் கூம் என்போம், கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே.

“எந்திரி கூமே, சட்டையப் போடு. வெளிய போலாம்.”

“எங்க வரச் சொல்ற? என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்க?”

“உனக்கு விஷயமே தெரியாதா? இப்ப யாரும் சிரிக்கிறதில்லடா. நீ எதையோ பார்த்துட்டேன்னு பேசிக்கிறாங்க. எங்கயோ விரிசல் இருக்கு, உங்க ஆபீஸ் பொம்பள மறைக்கிறா, உனக்கு மனசாட்சி கேக்கல, கத்திட்டேன்னு.”

“நான் ஒண்ணும் பாக்கலையே.”

“உன்னைய யாரு சொல்லச் சொன்னா? நீ சும்மா வந்து உக்காரு போதும்.”

மதுக்கடைக்குள் நுழைந்தபோது அவர் குனிந்த தலை நிமிரவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சந்தைக்கு வந்திருந்த விவசாயிகள் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் பிளம் சாராயம் வாங்கி முன்னால் வைத்தார்.

“இந்த ஊர்ல உள்ளதச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான் அய்யா. வேலை போனாலும் பரவால்லன்னு கத்தினீங்க பாருங்க.”

ரதிவோய் கிண்ணத்தைப் பார்த்தார். ஜிவான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தான்.

“என்னத்தச் சொல்றது...” என்றார் ரதிவோய். சொல்லிவிட்டுக் குடித்தார்.

அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. வாயைத் திறக்கவிடாமல் மேலிடம் மிரட்டுகிறது என்று மறுநாளே அதற்குப் பொருள் வந்துவிட்டது. முக்குளிப்பான் என்று சொல்லவே எல்லோரும் கூச்சப்பட்டார்கள். ரதிவோய் வேலைக்கு வரத் தொடங்கினார். சந்தைக்குள் நடக்கும்போது அவருக்குத் தக்காளி பொறுக்கிக் கொடுத்தார்கள், வழிவிட்டார்கள்.

நகராட்சி தெசான்காவைக் கூப்பிட்டு, பாலத்தை முதலிலிருந்து மறுபடி சோதிக்கச் சொன்னது. அவர் ரதிவோயைத் தன் அறைக்கு அழைத்தார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

“ரதிவோய், அன்னிக்கு எதாச்சும் பார்த்தீங்களா? பார்த்திருந்தா சொல்லுங்க. இப்பவே லாரிகள நிறுத்திடறேன்.”

“இல்ல. ஒண்ணும் பாக்கல.”

“அப்ப ஊர்ல ஏன் அப்படிப் பேசறாங்க?”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே.”

“அதத்தான் கேக்கறேன்,” என்றார் தெசான்கா. ரதிவோய் வெளியே வந்து என் மேசையைத் தாண்டும்போது காது மடல் வரை சிவந்திருந்தார். ஆனால் அன்றும் சந்தையில் வழிவிட்டவர்கள் நடுவே நடந்துதான் வீட்டுக்குப் போனார். மறுசோதனையிலும் குறை எதுவும் கிடைக்கவில்லை, ஊர் அதை நம்பவில்லை.

கோடையில் ஒரு நாள் பெர்சிதா என்ற விதவை அவர் வீட்டுக்கு வந்தாள். அக்கரைக் கிராமத்துக்காரி. குதிரை வண்டியில் பாலாடையும் வெண்ணெய்க்கட்டியும் கொண்டுவந்து சந்தையில் விற்பவள். கால் கட்டிய கோழி ஒன்றை நெவென்கா கையில் கொடுத்து, “உன் வீட்டுக்காரர் எங்க உசுரக் காப்பாத்தினவரும்மா. குழம்பு வச்சுக் குடு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரதிவோய் வீட்டுக்கு வந்தபோது கோழி சமையலறை மூலையில் கிடந்தது.

“இது யாரு குடுத்தது?”

“நீ காப்பாத்தின ஒரு பொம்பள,” என்றாள் நெவென்கா. “நான் இத அறுக்க மாட்டேன். நீ அறுத்தாலும் அடுப்புல ஏத்த மாட்டேன்.”

“நான் என்ன பொய்யா சொன்னேன்? அவங்களா நெனச்சுக்கிட்டா...”

“நீ தண்ணியில குதிச்சப்ப எனக்கு வெக்கமா இல்ல, ரதிவோய். பயந்துட்டே, அவ்வளவுதான். எங்கப்பா இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போவாரு. ஆனா இப்ப நீ சந்தையில நடக்கிற நடை இருக்கே, அதப் பாக்க எனக்குக் கூசுது.”

அவர் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் வெறும் ரொட்டியைத் தின்றார்கள்.

இலையுதிர் காலத்தில் மழை விடாமல் பெய்தது. சாவா கரை தொட்டு ஓடியது. மிதவை நிறைய ஆளும் வண்டியும் ஏற்றிக்கொண்டு வந்தபோது, ஒரு பெரிய மரம் மிதந்து வந்து மோதி, இரும்புக் கயிறு அறுந்தது. மிதவை சுழன்றுகொண்டே கீழே போய், கரையோர வில்லோ மரங்களில் இடித்து நின்றது. ஆள் யாரும் சாகவில்லை. வண்டிக்கும் கம்பித் தடுப்புக்கும் நடுவே சிக்கிப் பெர்சிதாவின் இடுப்பு எலும்பு நொறுங்கியது. வண்டியோடு கட்டியிருந்த அவள் குதிரை தண்ணீரில் போய்விட்டது. இத்தனையும் புதுப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்.

ரதிவோய் மருத்துவமனைக்குப் போனார். வெறுங்கையோடு போனார். பெர்சிதா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

“நீங்களா வந்திருக்கீங்க அய்யா! இந்த மழையிலயா?”

“வலி எப்படி இருக்கு?”

“வலி இருக்கு. இருந்தாலும் உங்களுக்குத்தான் நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன். பாலத்துல போயிருந்தா ஒருத்தர் தப்பிச்சிருப்போமா? ஏதோ என் ஸொக்கோலோட போச்சு. நல்ல குதிரை.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு இருந்தாராம். வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திரும்ப உள்ளே போனார்.

“பாலத்துக்கு ஒண்ணுமில்ல,” என்றார்.

பெர்சிதாவுக்குப் புரியவில்லை. “இப்ப சரி பண்ணிட்டாங்களா?”

“சரி பண்ண எதுவும் இல்ல. மொதல்லேர்ந்தே நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயம் வந்துச்சு. அதான் கத்தினேன்.”

“மொதல்லேர்ந்தேயா?”

“ஆமா.”

“கோழி கொண்டு வந்தேனே, அப்பவுமா?”

“அப்பவும்.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? நான் இனிமே எங்க போகப் போறேன்? இன்னொரு கயித்தக் கட்டி நாளைக்கே மிதவைய ஓட்டுவாங்க. ஏறப் போறவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் சந்தை. எங்கள் அலுவலக ஜன்னலுக்கு நேர் கீழே, வெண்ணெய்க்கட்டி விற்கும் மேசைகளுக்கு நடுவில் ரதிவோய் போய் நின்றார். நாங்கள் ஜன்னலைத் திறந்தோம். தெசான்காவும் வந்து நின்றார். ரதிவோய்க்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. முதலில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் சத்தமாக ஆரம்பித்தார்.

“கேளுங்க! பாலம் நல்லா இருக்கு. நான் எதையும் பாக்கல. விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“உன்னைய மிரட்டிட்டாங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“யாரும் மிரட்டல. நான் பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“சத்தத்துக்கு.”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. ஜிவான் கடையிலிருந்து ரத்தக்கறை மேலங்கியோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். “வாடா போதும், கிறுக்கா!” ரதிவோய் கையை உதறிவிட்டார்.

“சத்தம் வரும்னு உனக்குத் தெரியாதா? எஞ்சினியர்தானே?” என்றாள் முட்டைக்காரி.

“தெரியும். வரும், பயப்பட வேணாம்னு எழுதிக் குடுத்ததே நான்தான்.”

சந்தையே குலுங்கிச் சிரித்தது. தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மேலே ஜன்னலில் எங்களில் சிலரும் சிரித்தோம், சொல்லாமல் இருப்பது சரியல்ல. அவர் அது அடங்கும் வரை அங்கேயே நின்றார். அடங்கியதும் அக்கரை விவசாயி ஒருவர், மதுக்கடையில் சாராயம் வாங்கிக் கொடுத்தவர், சிரிக்காமல் கேட்டார்:

“அப்ப இத்தன நாளா ஏன்யா வாய மூடிக்கிட்டு இருந்தே?”

ரதிவோய் அவரைப் பார்த்தே சொன்னார்.

“நீங்க எல்லாரும் எழுந்து நின்னீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த விவசாயி கீழே துப்பிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். தெசான்கா ஜன்னலைச் சாத்தினார்.

இதனால் அன்றைக்கே எல்லோரும் பாலத்தில் ஏறிவிட்டார்கள் என்று இல்லை. முதலில் வெறும் வண்டியை அனுப்பிப் பார்த்தார்கள். அப்புறம் பேருந்திலிருந்து இறங்காமல் கண்ணை மூடிக்கொண்டு போனார்கள். முதல் பனி விழுவதற்குள் மிதவையைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டார்கள். பட்டப்பெயர் திரும்பி வந்தது, இந்தத் தடவை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் மகளையும் அதே பெயரால் கூப்பிட்டார்கள். ஜிவான் அந்த வருஷம் அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள் விருந்துக்கு வரவில்லை. “அவன் தன்னைக் கேவலப்படுத்திக்கிட்டது போதாதுன்னு, என்னையும்ல நடுச்சந்தையில நிறுத்திட்டான்,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பல வருஷம் கழித்துத்தான் வந்தான்.

வேறு ஊருக்கு மாற்றல் கேட்டால் கிடைத்திருக்கும். நெவென்காவே அதைச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. தெசான்கா அவரை வேலையிலிருந்து நீக்கவும் இல்லை, மறுபடி தன் பக்கத்தில் உட்காரவைக்கவும் இல்லை. பாலத்தைப் பராமரிக்கும் பிரிவில் போட்டார். ஓய்வு பெறும் வரை வடங்களின் இறுக்கத்தைச் சோதிப்பதும், வட முனைகளைப் பிடித்திருக்கும் நங்கூரங்களுக்கு மசகு போடச் சொல்வதும்தான் வேலை. பெரிய லாரி போகும்போது சாலை அதிரும். அப்போதெல்லாம் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். ஒருமுறை என்னிடம், “இன்னும் பயமாத்தான் இருக்கு தெரியுமா,” என்றார். சிரிக்கவில்லை.

பெர்சிதா அதற்குப் பிறகு கோல் இல்லாமல் நடக்கவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரதிவோய் ஒரு வண்டி விறகு கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கி, தானே அடுக்கிவிட்டு வருவார். அவள் விறகை வேண்டாம் என்று சொன்னதில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொன்னதில்லை. அவர் அடுக்கி முடிக்கும் வரை ஜன்னல் திரை மூடியே இருக்கும்.

அவள் இறந்தபோது அவர் கிராமத்துக் கல்லறைக்குப் போனார். வேலிக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போகத் துணிவில்லை. சடங்கு முடிந்ததும் எங்கள் வழக்கப்படி, இறந்தவருக்காக வேகவைத்த இனிப்புக் கோதுமையைத் துக்கத்துக்கு உரியவர்கள் எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பெர்சிதாவின் மகள் தட்டை எடுத்துக்கொண்டு வேலி வரை வந்தாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியும். கரண்டியை நீட்டினாள். “ஆண்டவர் அவ ஆத்துமாவ மன்னிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நெவென்காவிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

“எனக்கும் குடுத்தாங்க.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்,” என்றார். அன்று முழுவதும் வேறு எதுவும் சாப்பிடவில்லை என்று நெவென்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.